அக்குளில் குறுக்கே ஒரு கயிறு

என் சுட்டுவிரல் அப்போது ஒரு நோயாளியின் இடது அக்குளுக்குள் இருந்தது. விரல்நுனியில் ஒரு தசையின் ஓரம் தட்டுப்பட்டது. உருண்டு திரண்டு, இழுத்துக் கட்டிய கொடிக்கயிறு போல. "லாட் கிடைத்துவிட்டது, மேடம்" என்றேன். லாட், அதாவது முதுகின் பெரிய தசை. நானே கத்தியை வாங்கிச் செய்த மூன்றாவது அக்குள் அறுவை அது. குரலில் கொஞ்சம் மிதப்பு இருந்திருக்கும்.

எதிரே நின்ற மேடம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நார் எந்தப் பக்கமாக ஓடுகிறது?" என்று மட்டும் கேட்டார்.

கொழுப்பை ஒதுக்கிப் பார்த்தேன். நார்கள் மேலிருந்து கீழே இறங்கவில்லை. அக்குளைக் குறுக்காகக் கடந்து மார்புப் பக்கம் போய்க்கொண்டிருந்தன.

"அப்படியானால் அது லாட் இல்லை. கத்தரியை வெளியே எடு."

எடுத்தேன். மேடம் தன் விரலை உள்ளே விட்டு, நான் 'லாட்' என்று சொன்ன அந்தப் பட்டையைத் தூக்கிக் காட்டினார். அதன் பின்னால், நகத்தின் அகலத்தில், நீலமாக அக்குள் சிரை. நான் அந்த ஓரத்தை நம்பி மேலே போய்க்கொண்டிருந்தேன். கத்தரியை இன்னும் இரண்டு தடவை விரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

வேலூரில் நான் முதுநிலை அறுவைப் படிப்பில் இருந்த காலம் அது. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நோயாளி ஆரணிப் பக்கத்துப் பட்டு நெசவாளி, ஐம்பதைத் தாண்டிய அம்மா. இடது மார்பில் புற்று, அக்குளில் நெறி கட்டியிருந்தது. மார்பை எடுத்துவிட்டு, அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களைக் கொழுப்போடு சேர்த்து வழித்தெடுக்க வேண்டும். அந்த வேலைக்கு எல்லைக்கற்கள் உண்டு. மேலே அக்குள் சிரை, உள்பக்கம் விலா எலும்புச் சுவர், வெளிப்பக்கம் லாட்டின் முன்விளிம்பு. வயலை அளப்பவனுக்கு மூலைக்கல் எப்படியோ அப்படித்தான் எங்களுக்கு இவை. ஒரு கல் இடம் மாறினால் பக்கத்து வயலில் ஏர் ஓட்டிக்கொண்டிருப்போம்.

லாட் என்று நாங்கள் சுருக்கிச் சொல்வது லட்டிசிமஸ் டார்சை. முதுகின் அகன்ற தசை என்று பொருள். நடு முதுகிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்புவரை விசிறிபோல் பரந்து தொடங்கும். கீழ் விலாக்களிலிருந்தும் சில நார்கள் வந்து சேரும். தோள்பட்டை எலும்பின் கீழ்முனையை உரசிக்கொண்டு போகும்போது அங்கிருந்தும் பல பேருக்குக் கொஞ்சம் நார் சேரும், சில பேருக்குச் சேராது. அத்தனை பெரிய விசிறியும் அக்குளின் பின்மடிப்பில் ஒடுங்கி, தசையை எலும்போடு கட்டும் ஒரு தட்டையான நாணாகி, மேற்கை எலும்பின் முன்பக்கத்தில் உள்ள பள்ளத்தில் போய் ஒட்டும். காட்பாடிப் பக்கம் பனை ஏறுகிறவர் முதுகைச் சட்டையில்லாமல் பார்த்தவர்களுக்குப் படம் தேவையில்லை. மரத்தைக் கட்டிப்பிடித்து உடம்பை மேலே தூக்கும் ஒவ்வொரு முறையும் அக்குளிலிருந்து இடுப்புவரை ஒரு இறக்கை விரியும். அதுதான். கிணற்றில் வாளி இழுப்பதும், குழித்தறியில் நாடாவின் கயிற்றைக் கீழே இழுப்பதும் இதன் வேலையே.

இந்த நாணில் ஒரு நேர்த்தி இருக்கிறது. அது நேராகப் போய் ஒட்டுவதில்லை. டெரெஸ் மேஜர் என்ற தசையின் கீழ்விளிம்பைச் சுற்றிக்கொண்டு, பின்னாலிருந்து முன்னால் வந்து, வைக்கோல் பிரி திரிப்பது போல ஒரு முறுக்கு முறுக்கிக்கொள்ளும். இடுப்பிலிருந்து ஏறி வரும் நார்கள் எலும்பில் மேலே போய் உட்காரும். நடு முதுகிலிருந்து வருபவை கீழே. கையை உயரத் தூக்கினால் முறுக்கு அவிழும். எங்கள் காலத்தில் இதை "இரண்டு மேஜர்களுக்கு நடுவே ஒரு லேடி" என்று மனப்பாடம் செய்வோம்: பள்ளத்தின் ஒரு கரையில் மார்பின் பெரிய தசையான பெக்டொராலிஸ் மேஜர், மறுகரையில் டெரெஸ் மேஜர், நடுவில் லாட். தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்க இது போதும். உடம்பைத் திறக்கப் போதாது.

மேடத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டதைவிட எனக்கு உறைத்தது வேறொன்று. அந்தக் குறுக்குப் பட்டையை நான் முன்பே பார்த்திருந்தேன்.

முதலாம் ஆண்டு, உடற்கூறு அறை. ஃபார்மலின் நெடியில் கண் எரிய, எட்டுப் பேர் ஒரு மேசையைச் சுற்றி நிற்போம். எங்கள் மேசையில் இருந்தவர் வயதான ஆண். யாரோ எவரோ, ஊர் பேர் தெரியாது. அக்குளைச் சுத்தம் செய்யும் நாளன்று, லாட்டின் ஓரத்திலிருந்து கிளம்பி ரத்தக் குழாய்களுக்கு முன்னால் குறுக்காகப் போகும் ஒரு சதைப்பட்டை குறுக்கிட்டது. விரல் அகலம்கூட இல்லை. நீளம் ஒரு சாண் வராது. படத்தில் அது இல்லை. மறுநாள் ஆசிரியர் வந்து பார்ப்பார் என்ற பயம். படத்தில் உள்ளதுபோல் தெரிய வேண்டுமே என்று அதை வெட்டி எடுத்து, மேசைக்கு அடியிலிருந்த வாளியில் போட்டது நான்தான்.

அங்கே உதவியாளராக ஓர் அண்ணன் இருந்தார். பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். எங்கள் ஆசிரியர்கள் பிறப்பதற்கு முன்பே அந்த அறைக்கு வந்தவர் என்று சொல்வார்கள். வாளியை எடுத்துப் போக வந்தவர் குனிந்து பார்த்தார். அந்தப் பட்டையைத் தனியே எடுத்து, தண்ணீரில் அலசி, மேசையோரத்தில் வைத்தார். "ஆளை வெட்டிப் படம் செய்கிறீர்களா, பாப்பா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவ்வப்போது ஏதோ ஒரு மேசையில் இப்படி ஒன்று வந்துவிடும் என்றும், அடுத்த முறை வெட்டுவதற்கு முன் தன்னைக் கூப்பிடச் சொல்லியும் போனார். அடுத்த முறை என்பது ஒன்பது ஆண்டுகள் கழித்து, உயிருள்ள ஒருவரின் அக்குளில் வந்தது. அப்போது அவர் பக்கத்தில் இல்லை.

அந்தப் பட்டைக்குப் பெயர் உண்டு. லாங்கரின் வளைவு, அல்லது அக்குள் வளைவு. 1846இல் இதை விரிவாக எழுதியவர் ஆஸ்திரிய உடற்கூறியலாளர் கார்ல் லாங்கர். தோலைக் கிழிக்கும் திசைக்கு 'லாங்கர் கோடுகள்' என்று சொல்கிறோமே, அவரேதான். லாட்டின் விளிம்பிலிருந்து பிரிந்து, அக்குளின் சிரை, தமனி, நரம்புகளுக்கு முன்னால் கடந்து, பெக்டொராலிஸ் மேஜரின் நாணுக்கு அடியிலோ, அருகிலுள்ள வேறு தசையிலோ, அதன் உறையிலோ போய்ச் சேரும். பழைய பாடநூல் கணக்கு நீளம் 7 முதல் 10 செ.மீ., அகலம் 5 முதல் 15 மி.மீ., நூற்றில் ஏழு பேருக்கு உண்டு என்கிறது. பின்னால் வந்த கணக்குகள் நாட்டுக்கு நாடு, தேடியவருக்குத் தேடியவர் மாறுகின்றன. சில பேருக்கு முழுச் சதையாக இருக்கும், சில பேருக்கு வெறும் நாராக. ஒரு பக்கம் மட்டும் இருக்கலாம், இரண்டு பக்கமும் இருக்கலாம்.

இது எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு விளக்கம் எனக்குப் பிடிக்கும். மாட்டின் மேல் ஈ உட்கார்ந்தால், வாலும் எட்டாத இடத்தில், தோல் மட்டும் தனியாகத் துடித்து ஈயை விரட்டுமே? அதைச் செய்வது தோலுக்கு அடியிலுள்ள ஒரு மெல்லிய தசை விரிப்பு. மனிதனுக்கு அது பெரும்பாலும் மறைந்துவிட்டது. அதன் மிச்சம்தான் இந்த வளைவு என்பது பலர் ஏற்கும் கருத்து. லாட்டின் நாணிலிருந்து கையின் பின்புறத் தசையான டிரைசெப்ஸை நோக்கி ஒரு நார்ப்பட்டை போவதும் இப்படிப்பட்ட மிச்சம்தான். மரமேறும் குரங்குகளுக்கு அது முழுத் தசை. நமக்குப் பெரும்பாலும் வெறும் நார்.

வேலூரைப் பற்றி எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு கிண்டல் உண்டு. தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். கேட்கிறவர் சிரிப்பார். ஆனால் 1981இல் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் திரும்ப வந்து அமர்ந்துவிட்டார். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடி, கரையோர மக்களை மேட்டுக்குத் துரத்தியது. சொல்கிறவர்கள் மட்டும் இன்னும் பழைய பாட்டையே பாடுகிறார்கள். பாடநூல் படமும் அந்தக் கிண்டல் மாதிரிதான். பெரும்பாலான நாளில் சரி. பாலாற்று மணலில் குடிசை போட்டவனுக்கு அந்த ஒரு நாள்தான் கணக்கு.

ஆரணி அம்மாவுக்குத் திரும்புகிறேன். மேடம் அந்த வளைவைக் கீழ்நோக்கித் தொடரச் சொன்னார். உண்மையான லாட் என்றால் கீழே போகப் போக அகன்றுகொண்டே போகும், விலாப்பக்கம் இறங்கும். இது அப்படிப் போகவில்லை. கொஞ்ச தூரத்திலேயே பின்னால் இருந்த பெரிய தசையில் கலந்துவிட்டது. அந்தப் பெரிய தசைதான் லாட். அது நான் நினைத்த இடத்தைவிட இரண்டு விரற்கடை பின்னால் இருந்தது. அதன் உள்முகத்தில், லாட்டை இயக்கும் தோரகோடார்சல் நரம்பும் தமனியும் சிரையும் ஒரு கொத்தாக உள்ளே நுழைவதைக் காட்டி, "இதுதான் கையெழுத்து. கையெழுத்தைப் பார்க்காமல் யாரையும் லாட் என்று கூப்பிடாதே" என்றார்.

வளைவை இரண்டு பக்கமும் கட்டி வெட்டினோம். அதற்குப் பின்னால், நான் விட்டுவிட்டுப் போகவிருந்த மூலையில், ஒரு கைப்பிடிக் கொழுப்பு இருந்தது. எடுத்து அனுப்பினோம். பத்து நாள் கழித்து வந்த பரிசோதனை முடிவில் அந்தக் கொழுப்பிலிருந்த ஒரு கணுவில் புற்று இருந்தது. மேடம் அந்தத் தாளை என்னிடம் நீட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

அன்றிலிருந்து என் கைப்பழக்கம் மாறியது. அக்குளுக்குள் முதலில் தட்டுப்படும் விளிம்பை நான் நம்புவதில்லை. கையை அறுவைப் பலகையில் பக்கவாட்டில் நீட்டி வைக்கும்போது இந்த வளைவு விறைத்து நிற்கும்; அதனால்தான் அது அவ்வளவு அழகாக விரலில் மாட்டுகிறது. தட்டுப்பட்டதும் நாரின் திசையைப் பார்ப்பேன். குறுக்கே ஓடினால் நின்றுவிடுவேன். பிறகு சிரையை மேலிருந்து, பெக்டொராலிஸ் மைனர் என்ற சிறிய மார்புத் தசையின் பக்கமிருந்து தேடிக் கண்டுபிடித்து, அதன் கீழ்விளிம்பைத் தெளிவாக்கிக்கொண்டுதான் வெளிப்பக்கம் வருவேன். நரம்புக் கொத்தைக் கண்ணால் பார்த்த பிறகே மற்றதெல்லாம். இதில் கூடுதலாகச் செலவாவது ஐந்து நிமிடம். மயக்க மருந்து டாக்டர் முணுமுணுக்கத்தான் செய்வார்.

வளைவு இருந்தால் வெட்டுவதா, விடுவதா என்று இளையவர்கள் கேட்கிறார்கள். கணுக்களை முழுவதும் எடுக்கும் அறுவையென்றால் நான் வெட்டிவிடுகிறேன். அதன் பின்னால் கணு ஒளிந்திருக்கும் என்பது ஒரு காரணம். மற்றொன்று, கையைத் தூக்கும்போது அது சிரையின்மேல் அழுந்தலாம். ஏற்கெனவே நிணநீர்ப் பாதையை இழந்த கைக்கு அந்தச் சுமையும் வேண்டாம். வெட்டியதால் யாருக்கும் கைவலு குறைந்ததை நான் பார்த்ததில்லை. புற்று முதலில் போய்ச் சேரும் கணுவை மட்டும் சாயம் போட்டுத் தேடி எடுக்கும் அறுவை இப்போது பரவலாகிவிட்டது. கீறல் சிறியது, பார்வை குறுகியது. சாயம் ஏறிய கணு இந்தப் பட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டால், கீழேயே தேடிக்கொண்டிருப்போம். அறுவைக்கு முன் எடுக்கும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. படத்தில் அக்குளைக் கடக்கும் பட்டையாக இது பெரும்பாலும் தெரியும். அறிக்கையில் மட்டும் எழுதப்படாமல் போகும், ஏனென்றால் கட்டியைத்தான் தேடியிருப்பார்கள். ஆகவே அறிக்கையைப் படித்ததோடு நிற்காமல் படத்தையும் நானே ஒரு தடவை பார்ப்பேன்.

புற்று இல்லாதவர்களையும் இது படுத்துவதுண்டு, அரிதாக. வெள்ளையடிக்கும் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் வந்தார். பொங்கலுக்கு முந்தைய இரண்டு வாரமும் கை மேலேயே இருக்கும் தொழில். அரை மணி நேரம் உத்தரத்துக்கு மட்டை அடித்தால் வலது கை கனத்து, விரல்கள் உப்பி, நீலம் பாயும். கையைத் தொங்கவிட்டால் சரியாகிவிடும். எங்கெங்கோ கழுத்தெலும்புப் படம் எடுத்து, சத்து மாத்திரை சாப்பிட்டு வந்திருந்தார். உட்காரவைத்துக் கையைத் தூக்கச் சொன்னபோது அக்குளின் பள்ளம் பள்ளமாக இல்லை; நிரம்பியிருந்தது. ஒரு பட்டை விரலுக்குக் கீழே இறுகியது. கையைத் தொங்கவிட்டு ஒரு தடவையும் தூக்கவைத்து ஒரு தடவையும் அல்ட்ராசவுண்டு எடுக்கச் சொன்னேன். தூக்கியபோது சிரையில் ஓட்டம் சுருங்கியது. பட்டையை வெட்டிவிட்டோம். கழுத்தில் கூடுதலாக முளைக்கும் விலாவோ ரத்த உறைவோ இல்லையென்று உறுதி செய்துகொண்டபின் செய்தது அது. கை வீங்குகிறவர்களுக்கெல்லாம் அக்குளில் வளைவு தேடக்கூடாது. பெரும்பாலானவர்களுக்கு அது தொல்லையே தராமல் ஆயுள் முழுக்கக் கூட இருந்துவிட்டுப் போகும்.

எலும்பு அறுவை செய்யும் என் நண்பருக்கு இதே தசையில் வேறொரு சங்கடம். தோள் மூட்டைச் சுழற்றும் நாண்கள் தைக்கவே முடியாதபடி கிழிந்துபோனவர்களுக்கு, லாட்டின் நாணை எலும்பிலிருந்து விடுவித்து, பின்பக்கமாகக் கொண்டுபோய் மேற்கை எலும்பின் தலையில் தைப்பார்கள். சுவிட்சர்லாந்தின் கிறிஸ்டியன் கெர்பர் 1988இல் எழுதிய முறை. கையை உள்பக்கம் திருப்பி இழுத்துக்கொண்டிருந்த தசை, அதன்பின் வெளிப்பக்கம் திருப்பக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு நாண் தனியாகக் கழன்று வரவேண்டும். சில பேருக்கு லாட்டின் நாணும் டெரெஸ் மேஜரின் நாணும் தனித்தனியாக இருக்கும், நடுவில் விரல்கூட நுழையும். சில பேருக்கு லேசாக ஒட்டியிருக்கும். வேறு சில பேருக்கு எலும்பை நெருங்கும் இடத்தில் ஒன்றாகவே பிணைந்துவிட்டிருக்கும்.

"ஐப்பசி மழையில் நமுத்து ஒட்டிப்போன இரண்டு அப்பளத்தைப் பிரித்துப் பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டார். "ஒன்றைக் காப்பாற்றினால் மற்றது கிழியும்." லாட்டின் நாண் மெல்லியது, காகிதம்போலத் தட்டை. இழுத்துப் பிரிக்காமல் கத்தியால் கவனமாகக் கீறித்தான் பிரிக்க வேண்டும் என்கிறார். முன்னால், மணிக்கட்டை நிமிர்த்தும் ரேடியல் நரம்பு கடந்து போகிறது. மேலே, டெரெஸ் மேஜருக்கு மேல்விளிம்பில், தோளைத் தூக்கும் தசைக்கான ஆக்ஸிலரி நரம்பு. கையை உள்பக்கமாகத் திருப்பி வைத்தால் நாண் ஒட்டும் இடம் கண்ணெதிரே வரும். டிரைசெப்ஸுக்குப் போகும் அந்தக் குரங்கு மிச்சத்தை விடுவிக்க மறந்தால் நாண் போதிய நீளம் நகராது. நகரவில்லையே என்று பலம் கொடுத்து இழுக்கிற கை, நரம்பையும் சேர்த்து இழுத்துவிடும். இதெல்லாம் அவர் சொன்னது. தோளைத் திறக்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

நாணை இடம் மாற்றும் வித்தைக்கு வேலூர் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1946இல் இங்கே வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்த, வேலை செய்யும் தசையின் நாணைச் செயலிழந்த இடத்துக்கு மாற்றும் அறுவைகளை கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் வளர்த்தெடுத்தார். வேலூருக்கு அருகே கரிகிரித் தொழுநோய் மையத்தில் அந்தப் பணி தொடர்ந்தது. அவர் முறை ஒன்றில், முன்கைத் தசையை விரல்கள்வரை நீட்டிக்க, கெண்டைக்காலின் ஆழத்திலிருந்து பிளான்டாரிஸ் என்ற நூல்போன்ற நாணை எடுத்து நான்காகப் பிரித்துப் பயன்படுத்துவார்கள். அந்த பிளான்டாரிஸ் எல்லாருக்கும் இருப்பதில்லை! இருந்தாலும் முதலாண்டு மாணவன் அதை நரம்பு என்று நினைத்து ஏமாறுவான். மணிக்கட்டில் உள்ள பால்மாரிஸ் லாங்கஸும் அப்படித்தான். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை மடக்கிப் பாருங்கள், நடுவில் ஒரு நாண் துருத்தினால் உங்களுக்கு இருக்கிறது. எனக்கு இடக்கையில் மட்டும் இருக்கிறது. இருக்கிறது என்று நம்பிக் கீறிவிட்டு இல்லாமல் கையைப் பிசைவதைவிட, முன்னாலேயே மடக்கிப் பார்ப்பது மேல். லாட்டின் இந்த மாறுபாடுகளுக்கு அப்படி வெளியிலிருந்து உறுதியாகப் பார்க்கும் எளிய சோதனை இல்லை.

அறுவை செய்துகொள்பவர்களுக்கு இந்த வளைவு பற்றிக் கவலை வேண்டாம். அது எங்கள் பாடு. அவர்கள் பாடு அறுவைக்குப் பின் தொடங்குகிறது. ஆரணி அம்மா டிரெயின் குழாயோடு வீட்டுக்குப் போனார். கையை அசைத்தால் தையல் விட்டுவிடும் என்று பக்கத்துப் படுக்கைக்காரர் பயமுறுத்தியதில், ஒரு வாரம் கையை மார்போடு கட்டிவைத்திருந்தார். தோள் இறுகிப்போனது. அதன்பின் நான் யாரையும் வாய்வார்த்தையோடு அனுப்புவதில்லை. சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் நண்டு ஏறுவதுபோல் கையை மேலே கொண்டுபோகச் சொல்லி, எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடச் சொல்கிறேன். தினம் ஒரு கோடு. அடுத்த முறை வரும்போது கோட்டைச் செல்பேசியில் படம் பிடித்துக்கொண்டு வருகிறார்கள்.

மேற்கையின் உள்பக்கம் மரத்துப்போனதுபோல் இருந்தால் பயப்பட வேண்டாம். அக்குள் வழியாகப் போகும் ஒரு தோல் நரம்பு பல நேரம் அறுவையில் போய்விடுகிறது. வீக்கம்தான் பார்க்க வேண்டியது. அளவு நாடா எல்லாம் எங்களுக்கு. நெசவாளி வீட்டுப் பெண்களுக்கு வளையல் போதும்: நேற்றுவரை தளர்வாக ஓடிய வளையல் இன்று இறுகினால் உடனே வரச் சொல்கிறேன், அடுத்த தேதிவரை காத்திருக்கக் கூடாது. அரிவாள்மணையில் அந்தக் கை விரல் வெட்டுப்பட்டால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மஞ்சளை அப்பிவிட்டு மறந்துவிடக் கூடாது. சிவந்து சூடேறினால் அன்றே மருத்துவரிடம். மறு கை சும்மா இருக்கும்போது இந்தக் கையில் ஊசியும் ரத்த அழுத்தப் பட்டையும் எதற்கு என்று செவிலியரிடம் அவர்களே கேட்கலாம்.

தறிக்குத் திரும்பலாமா என்று அந்த அம்மா கேட்டபோது எனக்கு உடனே பதில் வரவில்லை. லாட்டின் நரம்பைக் காப்பாற்றியிருந்தோம், ஆகவே இழுக்கும் வலு போகவில்லை. நாளைக்குக் கால் மணி நேரம், பிறகு அரை மணி என்று கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். நான்கு மாதம் கழித்து, "டாக்டரம்மா, பாதிச் சேலை இறங்கிவிட்டது" என்று வந்து சொன்னார். உள்ளே என்ன வெட்டினீர்கள் என்றும் கேட்டார். அவருக்கு ஒரு பட்டை கூடுதலாக இருந்ததைச் சொல்லி, மாடு ஈ ஓட்டும் கதையையும் சொன்னேன். "எங்கள் வீட்டு எருமைக்கு இருக்கிறதை எனக்கும் வைத்து அனுப்பியிருக்கிறானா!" என்று சிரித்தவர், பின்னால் நின்ற மருமகளைத் திரும்பிப் பார்த்து, "கேட்டுக்கொள், வீட்டில் என்னை எருமை என்று சொல்லாதே, டாக்டரம்மாவே சொல்லிவிட்டார்" என்றார்.

அவருடைய அறுவைக் குறிப்பில் அன்று நான் சிவப்பு மையில் ஒரு படம் வரைந்திருந்தேன். நான் வரைந்தால் கோழி கிளறியதுபோல் இருக்கும். இருந்தாலும் வளைவு எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பது புரியும். பக்கத்தில், "மறுபக்கமும் இருக்கலாம். வலது அக்குளைத் திறப்பவர் பார்க்கவும்" என்று எழுதி, வீட்டுக்குக் கொடுக்கும் தாளிலும் அதையே எழுதினேன். அந்தத் தாளை அவர் பட்டு நூல் கணக்கு நோட்டுக்குள் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்.

எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவருக்கு வலது மார்பில் சிறிய கட்டி வந்தது, ஆரம்ப நிலை. நான் அப்போது வேறு ஊரில் இருந்தேன். அறுவை செய்தவர் என்னிடம் பயின்ற பையன் இல்லை. அந்தத் தாளைப் படித்தவர், அவ்வளவுதான். அதிலிருந்த எண்ணுக்கு இரவு அழைத்து, தேடியதையெல்லாம் பொறுமையாகச் சொன்னார். நாரின் திசை பார்த்திருக்கிறார், கொத்தைப் பார்த்திருக்கிறார், சிரையின் விளிம்புவரை போயிருக்கிறார். தன் குறிப்பில் எழுதியதையும் படித்துக் காட்டினார்: "வலப்பக்கம் வளைவு இல்லை. தேடிப் பார்த்தாயிற்று."